பேட்டரிக் கொள்ளளவு: ஒற்றை எண் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசி, பவர் பேங்க், இன்வெர்ட்டர் முதலியவற்றை அறிமுகப்படுத்தும் கட்டுரைகளிலும் விளம்பரங்களிலும் பேட்டரியின் கொள்ளளவு, ஆம்பியர் மணி அல்லது மில்லி ஆம்பியர் மணி என்ற ஒரே எண்ணாகத் தரப்படுகிறது. அந்த எண்ணை மட்டும் நம்பி, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்கிடுகிறவருக்குக் கிடைக்கும் விடை, பெரும்பாலும் உண்மையைவிட மிகுதியாகவே இருக்கும். கொள்ளளவை வாட் மணியிலும் தந்து, அது எந்த வேகத்தில் மின்னிறக்கம் செய்து அளக்கப்பட்டது என்பதையும் தங்கள் நாளிதழ் சேர்த்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஆம்பியர் மணி என்பது மின்னோட்டத்தையும் அது பாயும் நேரத்தையும் பெருக்கி வரும் அளவு. 2,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று, 200 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை ஏறத்தாழ 10 மணி நேரம் தரும். ஆனால் இந்த அளவில் மின்னழுத்தத்துக்கு இடமில்லை. பேட்டரியில் உள்ள ஆற்றலை அறிய வேண்டுமானால், ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கி வாட் மணியாக்க வேண்டும். 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட பவர் பேங்கில், அந்த எண் உள்ளிருக்கும் லித்தியம் மின்கலத்தின் 3.7 வோல்ட்டுக்கு உரியது. ஆற்றல் 37 வாட் மணி. அதே ஆற்றல் யூஎஸ்பி வழியாக 5 வோல்ட்டில் வெளியேறும்போது 7,400 மில்லி ஆம்பியர் மணியாகிவிடுகிறது. மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றில் 10 முதல் 15 விழுக்காடு வெப்பமாகப் போனால், எஞ்சுவது 6,300 முதல் 6,700 வரைதான். கைப்பேசிக்குள் மின்னேற்றம் நடக்கையில் மேலும் சிறிது இழப்பு உண்டு. ஆகவே 5,000 மில்லி ஆம்பியர் மணி கைப்பேசியை இருமுறை முழுதாக நிரப்பலாம் என்று எண்ணி வாங்கியவருக்கு, ஏறத்தாழ ஒன்றரை முறைதான் கிடைக்கும். விமானப் பயணத்தில் சிறப்பு அனுமதியின்றி எடுத்துச் செல்லத்தக்க லித்தியம் பேட்டரிக்கான வரம்பு 100 வாட் மணி என்று ஆற்றலிலேயே வகுக்கப்பட்டிருப்பது, எந்த அளவை பொருளுள்ளது என்பதைக் காட்டுகிறது.

இன்வெர்ட்டருக்குப் பயன்படும் ஈய அமில பேட்டரியில் இதைவிடப் பெரிய வேறுபாடு எழுகிறது. 150 ஆம்பியர் மணி, சி20 என்று குறித்திருந்தால், 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெதுவாக மின்னிறக்கம் செய்தபோது கிடைத்த கொள்ளளவு அது என்று பொருள். மின்னோட்டம் கூடக்கூட, கிடைக்கும் மொத்தக் கொள்ளளவே குறைந்துவிடும் என்பதை ஜெர்மன் அறிஞர் வில்ஹெல்ம் பாய்க்கர்ட் 1897ஆம் ஆண்டிலேயே ஒரு சமன்பாடாக வகுத்தார். 12 வோல்ட் கொண்ட இந்தப் பேட்டரியில் 300 வாட் சுமையை இயக்குவதாகக் கொள்வோம். 1,800 வாட் மணியை 300ஆல் வகுத்து 6 மணி நேரம் என்று சொல்லிவிடுவது வழக்கம். இன்வெர்ட்டரின் செயல்திறன் 85 விழுக்காடு என்றால் பேட்டரியிலிருந்து எடுக்கப்படும் மின்னோட்டம் 29 ஆம்பியருக்குச் சற்று மேல். இப்போதே நேரம் 5 மணியாகச் சுருங்குகிறது. பாய்க்கர்ட் சமன்பாட்டில், இந்தக் குறைவின் அளவைக் காட்டும் அடுக்கெண்ணை 1.2 என்று கொண்டால் 4 மணிக்கும் சற்றுக் குறைவு. பேட்டரியின் ஆயுளைக் காக்க, பாதிக்கு மேல் வடியவிடாமல் நிறுத்துவோமானால், நம்பத்தக்க நேரம் 2 மணிதான். மூன்றில் ஒரு பங்கு! இருளில் நோயாளிக்கோ படிக்கும் பிள்ளைகளுக்கோ விளக்கும் விசிறியும் தேவைப்படும் இல்லத்தில், இந்த வேறுபாட்டை வாங்குமுன் அறிந்திருப்பது இன்றியமையாதது. 150 என்ற ஒரே எண் இருந்தாலும், சி10 வீதத்தில் அளந்த பேட்டரி, சி20 வீதத்தில் அளந்ததைவிடக் கொள்ளளவில் பெரியது என்பதையும் பலர் அறிவதில்லை. லித்தியம் பேட்டரிகளில் இந்த வீதச் சார்பு மிகக் குறைவு.

சிறிய கார மின்கலங்களுக்கும் இது பொருந்தும். சுவர்க் கடிகாரத்தில் நீண்ட காலம் உழைக்கும் மின்கலம், மிகுந்த மின்னோட்டம் இழுக்கும் கருவியில் தன் கொள்ளளவில் பாதியைக்கூடத் தராமல் ஓய்ந்துவிடக்கூடும். குளிரும் கொள்ளளவைக் குறைக்கும். தொடர்ந்த வெப்பமோ ஆயுளைத் தின்னும். புதிய பேட்டரிக்குச் சொன்ன எண்ணைப் பழைய பேட்டரிக்கும் கொள்வது தவறு.

இவையெல்லாம் அளவையைப் புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல்கள். அப்பட்டமான பொய்யும் சந்தையில் உண்டு. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடைய 18650 வகை லித்தியம் மின்கலத்தின் மேல் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு விற்கிறார்கள். அந்த உருவளவில் தரமான மின்கலங்களே 3,500 அளவில்தான் கிடைக்கின்றன. இத்தகைய எண்ணை விளம்பரத்தில் கண்டால் அதை வெளியிடாமல் மறுப்பது நாளிதழின் கடமை என்று கருதுகிறேன்.

தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு பேட்டரியைப் பற்றி எழுதும்போது, "12 வோல்ட், 150 ஆம்பியர் மணி, 20 மணி நேர வீதத்தில், 1,800 வாட் மணி" என்று ஒரு வரி சேர்ப்பதற்கு அதிக இடம் வேண்டியதில்லை. தயாரிப்பாளர் வீதத்தைத் தெரிவிக்கவில்லையென்றால், அதையும் அவ்வாறே குறிப்பிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்