உன் அம்மா மரம் என் தொட்டியில்

சுங்கை சிப்புட்
ஞாயிறு

குமாரு,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்து வைத்து நேரில் வந்து திட்டு. இங்கே எல்லாரும் நலம். சர்க்கரை மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

நம்ம ரப்பர் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீடுகளை, இடித்துவிட்டார்கள். வீடமைப்புத் திட்டமாம். இரண்டே நாள், உங்கள் வாசல்படிகூட மிச்சமில்லை. முந்தின சாயங்காலம் மண்வெட்டியோடு போய், குழாயடியில் உன் அம்மா வளர்த்தார்களே, அந்த வாட்டர் ஜாஸ்மினைத் தோண்டி எடுத்து வந்துவிட்டேன். பூவைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு வாத்தியாரிடம் உதை வாங்கினோமே, அதே மரம். அடிமரம் என் மணிக்கட்டு கனம் இருக்கும்.

தொட்டியில் குட்டி மரமாக வளர்க்கிற போன்சாய் ஆக்கப்போகிறேன். சிரிக்காதே. முன்பு நான் வாங்கிச் சாகடித்த மேப்பிள் கதை வேறு. அந்த ஜப்பான்காரிக்கு வருஷத்தில் சில மாதமாவது இலையை உதிர்த்துவிட்டுக் குளிரில் தூங்க வேண்டும். நம்ம ஊரில் எங்கே தூங்குவாள்? இலை ஓரம் கருகிக் கருகிக் கடைசியில் குச்சிதான் நின்றது. 180 வெள்ளி கொடுத்து வாங்கியது! என் வீட்டுக்காரி இன்னும் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இது அப்படியில்லை, நம்ம பக்கத்துச் செடி, வெட்பாலைக்குப் பங்காளி. வேரைக் கழித்தாலும் தாங்கும். இலையை முழுதாகக் கிள்ளிவிட்டால் புதுத் துளிரோடு மொட்டும் விடும்.

ஒரு முழம் விட்டு மேலே அறுத்தேன். பால் வடிந்தது பார், கை நின்றுவிட்டது. அப்பா பின்னால் ரப்பர் பால் பிடிக்கிற மங்கு துடைக்கப் போன காலைகள் நினைவுக்கு வந்தன. மறுநாள் வெட்டுவாயில், ரப்பர் மரத்தில் உறைந்து நிற்குமே, அந்த ஒட்டுப்பால் மாதிரியே காய்ந்திருந்தது. வேரையும் பாதி கழித்து, மணல் கலந்த மண்ணில் வைத்து நிழலில் போட்டேன். மூன்று வாரம் ஒன்றுமில்லை. தினமும் பசியாறுவதற்கு முன் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பேன். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. "சுரண்டியே கொன்னுடுவீங்க" என்றாள் இவள். உன்னைக் கேட்காமல் எடுத்து வந்தது செத்துப்போனால் என்ன சொல்வேன்? அதனால்தான் எழுதவே இல்லை.

வியாழக்கிழமை துளிர்த்தது. ஐந்து இடத்தில்.

இப்போது ஒரு பஞ்சாயத்து. உன் அம்மா துணிக்கொடிக் கம்பியின் நுனியை இழுத்து அதன் அடியில்தானே கட்டியிருந்தார்கள்? கம்பி பட்டைக்குள் புதைந்து, மேலும் கீழும் மரம் உதடு மாதிரி தடித்துக் கிடக்கிறது. எனக்குச் சொல்லித்தருகிற ஈப்போ கிழவர் பார்த்ததும் முகம் சுளித்தார். போன்சாயில் கம்பித் தழும்பு குறையாம். கிளையை வளைக்கக் கம்பி சுற்றினால், அது மரத்தைக் கடிப்பதற்குள் வெட்டி எடுத்துவிட வேண்டும், அதுதான் முதல் பாடம். "செதுக்கு, இல்லை பின்பக்கம் திருப்பு" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. உன் பள்ளிச் சட்டை காய்ந்த கம்பிடா அது. அந்தப் பக்கத்தையே முகப்பாக வைக்கத்தான் ஆசை.

ஆனால் மரம் உன்னுடையது. முகப்பு எது என்று தெரிந்தால்தான் எந்தத் துளிரை விடுவது, எதைக் கிள்ளுவது என்று பார்க்க முடியும். மாதக் கடைசிக்குள் சொல். போனில் கூப்பிடாதே, நீ அழுவாய். எழுது.

உன்
மேப்பிள் முதலாளி