கற்பனைப் பாத்திரமும் நடிகரின் நிறமும்

ஐயா,

1837இல் வெளியான, டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் கடற்கன்னிக் கதையை 2023இல் டிஸ்னி நிறுவனம் நடிகர்களைக் கொண்டு படமாக்கியபோது, கறுப்பினப் பாடகி ஹாலி பெய்லி நாயகியானதற்கு எழுந்த எதிர்ப்பை நம்மூரிலும் சிலர் நியாயப்படுத்திப் பேசுவது வருத்தமளிக்கிறது. கடலடியில் வாழும் கற்பனைப் பெண்ணுக்கு இனம் ஏது? ஆண்கள் திரௌபதி வேடம் கட்டும் தெருக்கூத்தை ஏற்றவர்கள் நாம். ஔவையாராக நடித்த டி.கே. சண்முகத்தை ஔவை சண்முகம் என்றே அழைத்து, சென்னையில் ஒரு சாலைக்கும் அப்பெயரைச் சூட்டியவர்கள்.

ஆயினும், நிறத்தாலோ இனத்தாலோ ஒருவர் படும் அவமானமே கதையாகும்போது நடிகர் யார் என்பது முக்கியமாகிறது. கறுப்பினத் தளபதி ஒருவரைப் பற்றிய ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகம் 1965இல் திரைப்படமானபோது, அத்தளபதியாக வெள்ளையரான லாரன்ஸ் ஒலிவியர் முகத்தில் கருமை பூசி நடித்தார்; ஆனால் 1825லேயே லண்டன் மேடையில் அவ்வேடத்தைக் கறுப்பினத்தவரான ஐரா ஆல்ட்ரிட்ஜ் ஏற்றிருந்தார் என்பதால், தகுந்த நடிகர் கிடைக்கவில்லை என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் திரையுலகிலும் இதே அநீதி தொடர்கிறது. உழைக்கும் எளிய பெண்ணின் கதையைப் படமாக்கும்போதும் சிவந்த நடிகையை அழைத்து வந்து கருமை பூசுகிறார்கள். இயல்பிலேயே அந்த நிறமும் தேர்ந்த நடிப்பும் கொண்ட பெண்கள் சென்னையின் நாடகக் குழுக்களில் வாய்ப்பின்றிக் காத்திருக்கிறார்கள். ஒப்பனையில் வந்த கருமைக்குப் பாராட்டு, பிறப்பில் வந்த கருமைக்கு நிராகரிப்பு என்பது பெருங்கொடுமை. நடிகர் தேர்வு அறிவிப்புகளில் சிவந்த நிறம் வேண்டும் என்ற நிபந்தனையைத் தயாரிப்பாளர்கள் கைவிட வேண்டும். தங்கள் நாளிதழின் திரை விமரிசனங்களும் இதைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாப்பூர், சென்னை.