மலைப்பண்ணைக்கு ஹோட்டல் நட்சத்திரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவிஸ் மலைகளில் விடுமுறைக்கு அறை கொடுக்கும் பண்ணை வீடுகளைப் பற்றி உங்கள் கோடை மலரில் வந்த கட்டுரையையும், அதற்கு வாசகர்கள் எழுதிய குறைகளையும் படித்தேன். போய் இறங்கியபோது வீட்டில் யாருமே இல்லையாம், சாவி கதவிலேயே இருந்ததாம். ஜூலையில் போயும் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மாடுகூட இல்லையாம். விடிய முன்னரே இயந்திரச் சத்தமாம். இதற்காகச் சிலர் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள்.

நான் பேர்ண் மாநிலத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறவன். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு போய்த் தங்குவது ஓபர்லாண்ட் மலைச்சரிவில் உள்ள ஒரு பண்ணை வீட்டில். இரண்டு இடங்களையும் அறிந்தவன் என்பதால் இந்த நட்சத்திரங்கள் எனக்கு மனவருத்தம் தருகின்றன. ஹோட்டலில் வரவேற்க ஒருவர், அறை துப்புரவுக்கு ஒருவர், சமைக்க நாங்கள் என்று வேலை பிரிந்திருக்கிறது. பண்ணையில் கணவன், மனைவி, கணவனின் வயதான தாய், அவ்வளவுதான் ஆட்கள். காலையில் பால் கறக்கிற பெண்தான் எங்கள் கட்டிலுக்கும் விரிப்பு மாற்றுகிறார்.

வீட்டில் யாரும் இல்லாத நாள் பெரும்பாலும் புல் வெட்டுகிற நாளாக இருக்கும். வெட்டிய புல்லைப் புரட்டிப் புரட்டிக் காயவைத்துக் களஞ்சியத்தில் சேர்க்க, தொடர்ந்து இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். மலையில் அப்படி வெயில் கிடைப்பது லேசல்ல. மறுநாள் மழை என்று வானிலை அறிக்கை சொல்லிவிட்டால் வீட்டில் நடக்கக்கூடிய எல்லோரும் சரிவில்தான் நிற்பார்கள். ஈரத்தோடு அள்ளிப் போட்டால் புல் உள்ளுக்குள் புளித்துச் சூடேறும். சில வாரம் கழித்துத் தானாகவே தீப்பிடித்துக் களஞ்சியமே எரிந்துபோகவும் கூடும். குளிர்காலம் முழுக்க மாடுகள் தின்ன வேண்டிய தீனி அது. அன்றைக்கு யார் வந்தாலும் சாவி கதவில்தான் இருக்கும், அதுவே சரி.

அந்தச் சரிவையும் நேரில் பார்க்க வேண்டும். சாய்வு 50 சதவீதத்தைத் தாண்டுகிற நிலத்துக்கு அரசு தனியாக உதவித்தொகை கொடுக்கிறது. டிராக்டர் ஏற முடியாத இடத்தில், முள்சக்கரம் வைத்த கைத்தள்ளு இயந்திரத்தால் வெட்டி, மிச்சத்தை மரவாரியால் இழுத்து இறக்குகிறார்கள். வெட்டாமல் விட்டால் என்ன என்று என் மகன் கேட்டான். சில வருடங்களில் புதர் மண்டிவிடும். வெட்டாத நீளப் புல் படுத்துக்கிடந்தால் அதன்மேல் விழுகிற பனி வழுக்கிச் சரியவும் செய்யும். நாங்கள் படம் எடுத்து அனுப்புகிற பச்சைப் புல்வெளி யாரோ வருடாவருடம் வெட்டுவதால்தான் அப்படி இருக்கிறது.

மாடு இல்லை என்ற குறைக்கும் பதில் இருக்கிறது. ஜூன் வாக்கில் மாடுகளை மேலே கோடை மேய்ச்சல் நிலத்துக்கு ஏற்றிவிடுவார்கள், செப்டம்பரில்தான் இறக்குவார்கள். மேலே எவ்வளவு மாடு மேய்கிறது என்ற கணக்குக்கே ஒரு பசு 100 நாள் மேய்வதைத்தான் அலகாக வைத்திருக்கிறார்கள். இந்தக் கோடை மேய்ச்சல் மரபை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த மாதங்களில் கீழே கொட்டில் வெறுமையாக இருப்பது வழமை. மாடு பார்க்க வேண்டுமென்றால் மேலே ஏறிப் போகலாம், இல்லையென்றால் மே மாதமோ ஒக்டோபரோ போகலாம்.

சரி, இவ்வளவு வேலை இருக்கிறவர்கள் ஏன் விருந்தினரை வரவேற்கிறார்கள்? பால் விற்ற காசு மட்டும் போதாது, அதனால்தான். 2000ஆம் ஆண்டில் சுவிஸில் 70 ஆயிரம் பண்ணைகள் இருந்தன. 2022இல் சுமார் 48 ஆயிரம். எங்களுக்கு அறை தருகிற குடும்பமும் அந்த வருமானம் இல்லாவிட்டால் குளிர்காலத்துக்கு வெளியே வேலை தேட வேண்டும் என்றுதான் சொன்னது. கட்டடம் கட்டவென்று ஒதுக்கிய வலயத்துக்கு வெளியே இருக்கிற விவசாய நிலத்தில் நினைத்தபடி ஹோட்டல் கட்ட இந்த நாட்டுச் சட்டம் விடாது. பண்ணையோடு சேர்ந்த பக்கத் தொழிலாகத்தான் விருந்தினர் அறை நடத்தலாம். எனக்கு இது நல்ல சட்டமாகத்தான் படுகிறது. அறை மட்டும் இருந்து பண்ணை போய்விட்டால் நாங்கள் ஏன் அந்த மலைக்கு ஏற வேண்டும்?

போகிறவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. திறந்த படலையைத் திரும்ப மூடுங்கள். கன்றோடு நிற்கிற தாய்ப்பசுவுக்குக் கிட்டப் போகாதீர்கள், நாயோடு போகவே வேண்டாம். நாயின் கழிவு புல்லில் கலந்தால் அதிலுள்ள ஒட்டுண்ணி பசுவுக்குக் கருச்சிதைவு உண்டாக்கக்கூடும். அங்கே ஒரு கன்று போவது ஒரு வருட நட்டம்.

எங்கள் ஆட்களில் மாடு வளர்த்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. என் அம்மாவும் அப்படித்தான். முதல்நாள் பின்னேரமே வாரியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக் கிழவியோடு புல் இழுக்கப் போய்விட்டார். பாஷை ஒரு சொல் தெரியாது. இரண்டு பேரும் பொழுதுபடத்தான் திரும்பினார்கள், அப்புறம் அந்த வாரம் முழுக்க அம்மாவை வீட்டில் பிடிக்க முடியவில்லை. உதவி செய்வது கட்டாயமில்லை, ஆனால் பிள்ளைகளை ஒருநாளாவது விட்டுப் பாருங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கோடை மலரில் இந்தப் பண்ணைகளை ஹோட்டல் பட்டியலில் போட்டு நட்சத்திரம் கேட்காதீர்கள். அதற்குப் பதிலாக எந்த மாதத்தில் எந்த வேலை நடக்கும், மாடுகள் எப்போது மேலே, எப்போது கீழே, நாய் கொண்டுபோகலாமா என்று பண்ணைக்காரரிடமே கேட்டு எழுதுங்கள். வாசகர்களும் பதிவு செய்யமுன் ஒருதடவை அவர்களோடு தொலைபேசியில் கதையுங்கள், பால் கறக்கிற நேரத்தை மட்டும் தவிர்த்து.

இப்படிக்கு,
பேர்ண் மாநில வாசகர் ஒருவர்