ஏற்காட்டில் காபியையும் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டுச் சுற்றுலா பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தபோது, ஓய்வுபெற்ற பிறகு கணவரும் நானும் இலங்கையில் தொடங்கி தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா வரை போய்வந்த நெடும்பயணம் மனத்தில் ஓடியது. கோயில்களையும் கடற்கரைகளையும் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். ஏற்காட்டுக்காரியான எனக்கு மறக்க முடியாதவை மலைத்தோட்டங்களே. அவற்றைச் சொல்லவும், நம் ஊருக்காக ஒன்று கேட்கவும் இதை எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில் தேயிலைக்கு முன்பு காபிதான் கொடிகட்டிப் பறந்தது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அதை அழித்த பிறகே தேயிலை பெருகியது. அந்தத் தோட்டங்களுக்கு ஆள் போனது நம் சேலம், திருச்சிப் பக்கத்திலிருந்தும்தான். கம்பளை அருகே ஒரு தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயன் வீட்டையே 2007 முதல் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கிய சின்னஞ்சிறு அறை. அவர்கள் புழங்கிய பாத்திரங்கள், கருவிகள், நகைகள், பழைய ஆவணங்கள். என் அம்மா இடுப்பில் சாக்குப்பை கட்டிக்கொண்டு ஏற்காட்டில் காபிப் பழம் பறித்தவர். பறிப்புக் காலம் முழுவதும் அவர் விரல்களில் கறை போகாது. அந்த லயன் அறையில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. துரைமார் பங்களாக்களைப் பேணுகிற ஊர்கள் பல உண்டு. பறித்தவர்களின் அறையைப் பேணுகிற ஊரை அன்றுதான் பார்த்தேன்.

தாய்லாந்தின் டோய் துங் மலையில் ஒரு காலத்தில் அபினிச் செடி பயிரானது. 1988இல் தொடங்கிய திட்டத்தால் இன்று அங்கே காபி விளைகிறது. வியட்நாமின் டா லாட், ஏற்காட்டைப் போலவே சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ள மலைநகர். பிரேசிலுக்கு அடுத்து உலகிலேயே அதிகம் காபி விளைவிக்கும் அந்த நாட்டில் பெரும்பகுதி ரொபஸ்டா என்ற காபி வகைதான். டா லாட்டை ஒட்டிய மேட்டில் நம் ஏற்காட்டில் விளையும் அராபிக்கா வகையும் உண்டு. தோட்டத்துக்குள் போய்ப் பழம் பறித்து, தோல் நீக்குவதையும் களத்தில் காயவைப்பதையும் வறுப்பதையும் பார்த்தோம். பிறகு, கண்ணாடி டம்ளரின் மேல் வைத்த சிறிய தகர வடிகட்டியிலிருந்து டிக்காஷன் சொட்டுச் சொட்டாகக் கெட்டிப்பாலில் இறங்கும்வரை காத்திருந்து குடித்தோம். நம் ஃபில்டர் காபிக்கு அது ஈடாகாது என்பதே என் கட்சி. ஆனாலும் காட்டிய விதத்தில் அவர்கள் நம்மை வென்றுவிட்டார்கள்.

இந்தோனேசியாவின் பாலியில் மரநாய்களைக் கூண்டில் அடைத்து, காபிப் பழம் தின்னவைத்து, அவற்றின் எச்சத்திலிருந்து எடுத்த காபிக் கொட்டையைப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். அந்தக் கொடுமை நமக்கு வேண்டவே வேண்டாம்.

ஏற்காட்டில் காபி 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு! தங்கும் விருந்தினருக்குச் சில தோட்டங்கள் சுற்றிக் காட்டுவதுண்டு. பஸ்ஸில் வந்து இறங்கும் குடும்பமோ ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று பார்த்துவிட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிவிடுகிறது. கூட்டம் அலைமோதும் கோடை விழாவின்போது செடியில் பூவும் இருக்காது, பழுத்த பழமும் இருக்காது. மார்ச், ஏப்ரலில் காபிச் செடியைப் பூக்கவைக்கும் மழையான பூமழை விழுந்த சில நாட்களில் மலையே மல்லிகை போல மணக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை சில்வர் ஓக் நிழலில் பழம் சிவந்து கிடக்கும். பார்க்க வேண்டிய பருவங்கள் இவை இரண்டும்தான்.

மாவட்ட நிர்வாகமும் காபி வாரியமும் தோட்ட உரிமையாளர்களும் கலந்து பேசி, வரும் பறிப்புக் காலத்தின் வார இறுதிகளில் ஒரு தோட்டத்தையாவது பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். பழைய லயன் வீடு ஒன்றையும் இடித்துவிடாமல் காப்பாற்ற வேண்டும். வழிகாட்ட வெளியூரிலிருந்து ஆள் தேட வேண்டாம். பறித்துப் பறித்துக் கை பழகிய பெண்கள் இங்கேயே இருக்கிறார்கள். அந்த டிக்கெட் பணத்தில் உரிய பங்கு அவர்களுக்குச் சேரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.