ஹெம்ப் நாரை நம் ஆலைகள் நூற்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் ஹெம்ப் ஆடைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கஞ்சா இனத்துச் செடி என்றாலே பதறுகிற ஊரில் அதன் தண்டு நாரைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதியதற்கு முதலில் நன்றி. நூல் வியாபாரத்தில் இருப்பவன் என்பதால் எனக்கு ஒரு குறை தெரிந்தது. வயலில் விதைப்பதைச் சொன்னீர்கள், கடையில் சட்டை தொங்குவதையும் சொன்னீர்கள், ஆனால் இரண்டுக்கும் நடுவில் நடக்கும் வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த நார் நம் நாட்டில் நிலைக்குமா நிலைக்காதா என்பது அந்த நடு வேலையில்தான் இருக்கிறது.

சட்டம் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே, நாருக்காகவும் விதைக்காகவும் அரசு அனுமதித்துப் பயிரிட வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தி 2018இல் உத்தரகாண்ட் முதல் மாநிலமாக உரிமம் கொடுத்தது. போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. அந்த மலை மக்களுக்கு இது புதுப் பயிர் இல்லை, இந்த நாரில் கயிறும் பாங்கேலா என்ற முரட்டுத் துணியும் காலங்காலமாகச் செய்திருக்கிறார்கள், விதையைச் சட்னியில் அரைக்கிறார்கள். ஆனால் அங்கே தானாக வளரும் செடியில் டி.எச்.சி. அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. அதனால் உரிமம் கிடைத்தாலும் ஏற்ற விதை கிடைக்காமல் விவசாயி நிற்கிறார்.

சரி, விதை கிடைத்து மூன்று நான்கு மாதத்தில் அறுத்தும் விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் உண்மையான பாடு. நார் தண்டின் மேல்பட்டையில், உள்ளே இருக்கும் கட்டையோடு பசை போல ஒட்டிக்கொண்டிருக்கும். தென்னை மட்டையை ஊறப்போட்டு நார் எடுப்பது போல இதையும் ஊறப்போட்டு, நுண்ணுயிர்கள் அந்தப் பசையைத் தின்ற பிறகுதான் உரிக்க முடியும். நாள் குறைந்தால் நார் பிரியாது, கூடினால் நாரே வலுவிழக்கும். ஓடையிலோ குளத்திலோ போட்டால் தண்ணீர் நாறி மீன் செத்துப்போகும், அதனால் ஐரோப்பாவில் வயலிலேயே பரப்பிப் பனியில் நனைய விடுகிறார்கள். இவ்வளவும் முடிந்து வரும் நார் ஆள் உயரத்துக்குக்கூட இருக்கும். நம் மில்களில் ஓடும் மெஷின் ஓர் அங்குலம் சொச்சம் நீளமுள்ள பஞ்சுக்காகச் செய்தது! ஒன்று லினன் போன்ற நீள நாரை நூற்கும் மெஷின் வேண்டும், அது நாட்டில் மிகக் குறைவு. இல்லையென்றால் நாரை மென்மையாக்கி, துண்டாக்கி, பஞ்சோடு கலந்து நூற்க வேண்டும். இந்த இரண்டிலும் சீனா நம்மைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறது, நம் சந்தையில் 'இயற்கை ஹெம்ப்' என்று வரும் நூலிலும் துணியிலும் கணிசமான பங்கு அங்கிருந்து கப்பலேறி வருவதுதான்.

தண்ணீரைச் சொல்லி உங்கள் கட்டுரை பருத்தியைக் கெட்டவனாக்கி ஹெம்பை நல்லவனாக்கியது எனக்கு வருத்தமாக இருந்தது. ஹெம்புக்குப் பூச்சிமருந்து குறைவு, நெருக்கமாக வளர்ந்து களையை அமுக்கிவிடும், இதெல்லாம் சரிதான். ஆனால் இந்தியப் பருத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மழையை மட்டும் நம்பி விளைகிறது. கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் கரிசலில் கருங்கண்ணிப் பருத்தி விதைப்பவரிடம் போய் 'நீ தண்ணீரை வீணாக்குகிறாய்' என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. தண்ணீரை உண்மையில் பாழாக்கியது எது என்று திருப்பூர்க்காரர்களைக் கேளுங்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்த கதியைப் பார்த்துத்தான் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஹெம்ப் சட்டைக்கும் சாயம் அதே மாதிரி பட்டறையில்தான் ஏறும். சாயக்கழிவை ஆற்றில் விட்டால் நார் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்?

துணிக்கு அப்பாலும் இதற்கு வேலை இருக்கிறது. நார் எடுத்தபின் மிஞ்சும் கட்டையைத் துண்டாக்கிச் சுண்ணாம்போடு குழைத்துச் சுவர் வைக்கிறார்கள். பாரம் தாங்காது, மரச்சட்டம் வேண்டும், ஆனால் வெயிலும் குளிரும் உள்ளே வராது. உத்தரகாண்டின் பௌரி கட்வால் மாவட்டத்தில் இப்படி ஒரு வீடே கட்டியிருக்கிறார்கள். எல்லோரா குகைகளின் பூச்சில் இந்தச் செடியைக் கலந்திருந்ததாக 2016இல் தொல்லியல் துறை விஞ்ஞானி ஒருவர் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு நின்ற பூச்சு அது. விதையையும் எண்ணெயையும் உணவாக விற்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அனுமதித்துவிட்டது. நாருக்கு விலை ஏறி இறங்கினாலும் கட்டையும் விதையும் விலைபோனால்தான் மலை விவசாயிக்குக் கட்டுப்படியாகும்.

தமிழ்நாட்டில் இதைப் பயிரிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கஞ்சாவால் பிள்ளைகள் கெடுவதைப் பார்க்கிற பெற்றோரின் பயம் நியாயமானது. ஆனால் நூற்பதற்கு என்ன தடை? நாட்டில் வேறெந்த மாநிலத்தையும்விட இங்கே நூற்பாலைகள் அதிகம். குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிராவிலிருந்தும் பேல் பேலாகப் பஞ்சு வாங்கி ஓட்டுகிற நம் மில்காரர்கள் உத்தரகாண்டிலிருந்து நார் வாங்கி ஓட்ட முடியாதா? தண்டை ஊறவைத்து உரிக்கும் நிலையங்கள் மலையடிவாரத்திலேயே வர வேண்டும், அதற்கு மத்திய ஜவுளித்துறை பணம் ஒதுக்க வேண்டும். நாரை மென்மையாக்கும் ஒரு யூனிட்டைக் கோவை வட்டாரத்தில் சோதனைக்காவது தொடங்கலாம்.

வாங்குகிறவர்களும் லேபிளைப் பார்த்து எத்தனை சதவீதம் ஹெம்ப், நார் எந்த நாட்டுடையது, எங்கே நூற்றது என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பகுதி மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து எடுத்த விஸ்கோஸ்தான். ஹெம்பின் பெயரிலும் அந்த வியாபாரம் நடக்க விடக்கூடாது.

இதைத் தொடர்ந்து எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த கட்டுரைக்கு உங்கள் நிருபர் ஒரு நூற்பாலைக்கும் ஒரு சாயப்பட்டறைக்கும் போய்ப் பேசிவிட்டு வந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
நூல் வியாபாரி ஒருவர்,
பல்லடம்