பழைய பிரெஞ்சு எட்சிங்கும் திருமலையின் உப்புக்காற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறையில் வரும் பாரிஸ் உறவுகளின் பெட்டிகளில் இப்போது சொக்லேட்டோடு பழைய இயற்கைக்காட்சி எட்சிங் அச்சுப்படங்களும் வருகின்றன. நூற்றைம்பது வருடம் அங்கே தாக்குப்பிடித்த தாள், இங்கே இரண்டு மாரியில் பழுப்பேறிப் போகிறது. பழியைக் கடற்காற்றின் மேல் போடுகிறோம். பெரும்பாலும் கெடுப்பது நாம் போடும் பிரேம்தான்.

முதலில், கையில் இருப்பது எட்சிங்தானா என்று பாருங்கள். மெழுகு பூசிய செப்புத்தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுப்பது இது. ஆகவே கோடுகளில் மை சற்றே மேடாக நிற்கும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்த தடம் இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால அச்சு. தகட்டுத் தடத்தை மட்டும் நம்ப வேண்டாம். புகைப்பட முறையில் செப்பில் எடுத்த நகல்களிலும் அது உண்டு. பென்சில் கையெழுத்து இல்லையே என்று ஒதுக்கவும் வேண்டாம். அந்த வழக்கம் பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். தோபிஞி, லலான் போன்ற பிரெஞ்சு எட்சிங் கலைஞர்களின் காலத்துப் படங்களில் பெயர் தகட்டிலேயே கீறப்பட்டிருக்கும். அடியில் 'டெலாத்ர்' என்றிருந்தால் அது அச்சிட்டவர் பெயர். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரான் 1782இல் நம் கோட்டையைப் பிடித்த காலத்துப் படம் என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்: இவ்வகைப் படங்கள் பெருகியது, பாரிஸில் எட்சிங் கலைஞர் சங்கம் தொடங்கிய 1862ஐ ஒட்டித்தான்.

இனி பிரேம். கடையில் வழக்கமாகச் செய்வது: படத்தை ஹார்ட்போர்டில் பைண்டர் கம் போட்டு முழுதாக ஒட்டி, ஓரத்தைப் பிரேமுக்கு அளவாக வெட்டி, கண்ணாடியை நேரே மேலே அழுத்துவது. மூன்றும் கேடு. தாள் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டினால் அசைய இடமின்றி அலை அலையாக எழும். ஹார்ட்போர்டின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். கண்ணாடியில் வேர்க்கும் ஈரம் நேரே தாளில் இறங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஓரம் வெட்டிய படத்துக்கு விலையும் போச்சு.

அமிலமற்ற மவுண்ட் போர்ட் (படத்தை ஏற்றும் கெட்டி அட்டை) இரண்டு கேளுங்கள், ஒன்று பின்னுக்கு, மற்றது படம் தெரியச் சன்னல் வெட்டி முன்னுக்கு. கண்ணாடிக்கும் படத்துக்கும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். ஒட்டுவதற்குப் பதில் அமிலமற்ற தாளை மடித்து நாலு மூலைக்கும் பை செய்து அதில் படத்தைச் செருகுங்கள். மாப்பசை வைத்தால் புத்தகப் பூச்சிக்கு விருந்து. செலோடேப் கிட்டவே வரக்கூடாது, அதன் பசை ஊறி விட்ட கறை போகாது. பழைய பிரேமின் பின்பலகையைக் கழற்றும்போது அதிலுள்ள கடைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்; படம் வந்த வழிக்கு அதுவே சாட்சி.

வாடைமழை நேரே அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள். பிரேமின் கீழ்மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும், கரையான் ஏறினாலும் கண்ணில் படும். வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) போதும், அதாவது மங்கலான வெளிச்சம். நிலாவெளி வெயில் தெறிக்கும் சன்னலுக்கு எதிரே வேண்டாம். விருந்தினர் விடுதிக்காரர்கள் கவனிக்க: ஏசியை நிறுத்திக் கதவைத் திறந்ததும் வெளியே உள்ள ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு வேர்க்கும். ஏசி அறையைவிடக் காற்றோட்டமான விறாந்தையின் உட்புறம் மேல்.

பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் பிளீச் பூசாதீர்கள், கறையோடு தாளின் வலுவும் போகும். மழையில்லாத நாளில் பிரேமைக் கழற்றி, நிழலில் காற்றாடவிட்டு, ஈரம் போனபின் மென்தூரிகையால் பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் விடுங்கள். கண்ணாடியில் அடித்தால் ஓரத்தால் வழிந்து உள்ளே போய்விடும்.

வாசகர்,
உவர்மலை, திருகோணமலை