வைரஸ் பாக்கல சரி, ஆர்டர் போட்டவங்க பாத்தாங்களா?

ஆசிரியர் சார், வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல அடுத்த பெருந்தொற்றுக்கு நாம தயாரான்னு ரெண்டு பக்க கட்டுரை போட்டிருந்தீங்க. ஆக்சிஜன் பிளான்ட், பெட்டு, லேப் எல்லாம் விலாவாரியா இருந்துச்சு, குறை சொல்லல. ஆனா நடுவுல ஒரு வரி. "கொரோனா ஆண், பெண் பேதம் பார்க்கவில்லை, திட்டமிடலிலும் அது தேவையில்லை." அதப் படிச்சதுல இருந்து எனக்கு காபி இறங்கல சார். 31 வருஷம் கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர் ஆனவ நான், எங்க பக்கம் நர்ஸம்மான்னாதான் தெரியும்.

வைரஸ் பாக்கல, ஒத்துக்கிறேன். ஆர்டர் போட்டவங்க பாத்திருக்கணுமா இல்லையா? 2020 மார்ச் 25ல ஊரடங்கு. பால் அத்தியாவசியம், மருந்து அத்தியாவசியம். நாப்கினும் அதுல சேத்திதான்னு விளக்கம் வர 29ஆம் தேதி ஆச்சு. நாலு நாள்தானேன்னு கேப்பாங்க, அப்படி கேக்கறவங்களுக்கு மாசாமாசம் வராதுல்ல. ஸ்கூல்ல குடுக்கிற இலவச நாப்கினும் ஸ்கூல மூடினதோட போச்சு. கடைல கிடைச்சத கடைக்காரர் வழக்கம்போல பழைய பேப்பர்ல சுத்திக் குடுத்தார், பெரும்பாலும் உங்க பேப்பர்தான், அதுக்காவது உதவுச்சே.

அப்போ எனக்கு காய்ச்சல் சர்வே டூட்டி. ஒரு தெருவ தகரம் வச்சு அடைச்சிருந்தாங்க. உள்ள எட்டு மாசக்காரி ஒருத்தி ஸ்கேனுக்கு போக வண்டி இல்லாம நிக்கிறா, தகரத்து இடுக்கு வழியா சத்து மாத்திரை அட்டையத்தான் என்னால நீட்ட முடிஞ்சுது. அதுக்கு அடுத்த தெருவுல இன்னொருத்தி. தொண்டைய பாக்கணும், மாஸ்க்க இறக்குமான்னேன். இறக்கல. புருஷன் பின்னாடி கட்டில்ல உக்காந்து போன் நோண்டிட்டு இருந்தான். மறுபடி சொன்னதும் ஒரு நொடி இறக்கினா, கீழுதடு கிழிஞ்சு ரத்தம் காஞ்சிருந்துச்சு. நான் கேக்காமலே "குடம் இடிச்சிருச்சுக்கா"ன்னா. என் கையில இருந்த ஃபாரம்ல காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், சர்க்கரை, பிரஷர்னு கட்டம் கட்டமா இருந்துச்சு, இதுக்கு ஒரு கட்டம் இல்ல. அறிகுறி இல்லைன்னு டிக் போட்டுட்டு அடுத்த வீட்டுக்கு போனேன். பெண்கள் உதவி நம்பர் 181க்கு கூப்பிடும்மான்னு மெதுவா சொல்லத்தான் செஞ்சேன், ஆனா அந்த வீட்ல இருந்த ஒரே போன் அவன் கையில.

மே 7ல டாஸ்மாக்க தொறந்தாங்க, மறுநாளே ஹைகோர்ட் மூடச் சொல்லுச்சு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் ஓடி 16ஆம் தேதி மறுபடி தொறந்தாச்சு. அதுல பாதி வேகத்த நிறுத்தி வச்சிருந்த குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் காப்பர் டீக்கும் காட்டியிருந்தா, "மூணாவது நின்னுருச்சுக்கா"ன்னு அழுதுக்கிட்டே கர்ப்பத்த பதியற பிக்மி நம்பர் வாங்க வந்தவங்க கொஞ்சம் குறைஞ்சிருப்பாங்க.

தடுப்பூசி கதை உங்களுக்கு தெரியாததில்ல. 2021 ஜனவரி 16ல ஆரம்பம், கர்ப்பிணிகளுக்கும் போடலாம்னு சொன்னது ஜூலை 2. நடுவுல ரெண்டாவது அலையே வந்து போயிருச்சு. முகாம்ல வயித்த பாத்து திருப்பி அனுப்புனதும் நாங்கதான், ஜூலைல வீடு வீடா போய் கெஞ்சுனதும் நாங்கதான். "எம் மருமகள வச்சு சோதனை பண்றீங்களா"ன்னு மாமியாருங்க சண்டைக்கு வந்தாங்க. சோதனைல கர்ப்பிணிகள சேக்காம விட்டதாலதான் இவ்ளோ லேட்டுன்னு வாசல்ல நின்னு எப்படி விளக்குறது?

என் தங்கச்சி மக கோவிட் வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். ஆம்பள அளவுல தச்ச கவச டிரெஸ், போட்டா ஆறு மணி நேரம் பாத்ரூம் கிடையாது, மூணு நாள் அந்த நேரத்துலயும் அப்படியே நின்னா. அவளுக்குத்தான் எல்லாரும் கை தட்டுனீங்க.

அந்த சமயம் உங்க இணைப்புல என்ன வந்துச்சு ஞாபகம் இருக்கா சார்? லாக்டவுன் ஸ்பெஷல் 30 வகை ஸ்நாக்ஸ். வீட்ல எல்லாரும் இருக்காங்களாம், செஞ்சு அசத்தணுமாம். அதப்பத்தி 2021ல நான் எழுதின கடிதத்த ரெண்டு வரியா வெட்டி, கீழ என் பேருக்கு முன்னாடி "திரு"ன்னு வேற போட்டீங்க. பெரிய மனசு.

இப்பவும் பெருசா ஒண்ணும் கேக்கல. அந்த ஒரு வரிக்கு திருத்தம் போடுங்க. ராசிபலனுக்கு கீழ ஒரு மூலைல வாராவாரம் 181ன்னு கொட்டை எழுத்துல போடுங்க, அந்த பக்கத்தத்தான் எல்லா வீட்லயும் பொம்பளைங்க கைக்கு விடுறாங்க. கடிதத்த வெட்டுறதா இருந்தா டாஸ்மாக்க வெட்டிக்கோங்க, உதடு கிழிஞ்சவள வெட்டாதீங்க.

பேர் போட வேணாம் சார், மறுபடி திருவாக்கிடுவீங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தேனி மாவட்டம்.